கேம் கூப்பன் விற்கும் கடைக்காரர்களுக்கு: எல்லா வேலையும் சுரண்டுவதற்கு முன்னால்தான்

கீழக்கரையில் எங்கள் கடை மொபைல், ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்தது. ஒரு காலத்தில் பத்து ரூபாய் ரீசார்ஜ் கூப்பனைச் சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்ற அதே ஆணியில் இப்போது கேம் கார்டு தொங்குகிறது; வெள்ளிப் பூச்சுக்குக் கீழே உள்ள நம்பரைக் கேம் கணக்கில் போட்டால் அந்தத் தொகையோ கேமோ அதில் ஏறும். பையன்கள் 'ரிடீம் கோட்' என்று கேட்பார்கள், எனக்குப் பழைய வாய்ப்பழக்கம், கூப்பன் என்றே வருகிறது, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ராமநாதபுரம், பரமக்குடி, மண்டபம் பக்கம் கடை வைத்திருக்கும் சிலர் இதை எப்படி விற்பது, காசு நிற்குமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது.

முதலில் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். சார்ஜர் வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொண்டு வந்தால் மாற்றிக் கொடுக்கலாம், ஹெட்செட் என்றால் கம்பெனிக்கு அனுப்பலாம். கூப்பன் அப்படி இல்லை. வெள்ளிப் பூச்சைச் சுரண்டி நம்பரை ஒருவர் பார்த்துவிட்டால் விற்றது விற்றதுதான்; அவர் பயன்படுத்தாமல் திருப்பித் தந்தாலும் அதை இன்னொருவருக்கு எந்த முகத்தோடு விற்பது, நம்பரைப் போட்டோ எடுத்து வைக்கவில்லை என்று யார் உத்தரவாதம் தருவது? ஆயிரம் ரூபாய் கூப்பனில் என் கைக்கு நிற்பது இருபது ரூபாய் அளவுதான். ஒன்றைத் தப்பாகக் கொடுத்துவிட்டு, வாக்குவாதம் வேண்டாம் என்று காசைத் திருப்பினால் அந்த ஓட்டையை அடைக்க இன்னும் ஐம்பது கூப்பன் விற்க வேண்டும். ஆகவே நம் வேலை முழுவதும் சுரண்டுவதற்கு முன்னால். சுரண்டிய பிறகு செய்வதற்கு அநேகமாக ஒன்றும் இல்லை.

என்னென்ன விற்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும், ஏனென்றால் வாங்க வருகிறவருக்குப் பெரும்பாலும் தெளிவு இருக்காது. "கேம் கார்டு ஒண்ணு குடுங்க" என்பார், அவ்வளவுதான். நம் பக்கம் அதிகம் போவது கூகுள் பிளே கூப்பன், ஃபோனில் ஆடும் பிள்ளைகள் யூசி, டைமண்ட் என்று கேமுக்குள் செலவழிக்கும் காசு வாங்குவதற்கு. அடுத்தது டிவியில் இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் கன்சோலுக்கான வாலட் கூப்பன், அதில் 12 எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். எக்ஸ்பாக்ஸ் என்றால் 25, ஐந்து ஐந்தாகப் பிரித்து அச்சடித்திருப்பார்கள். ஸ்டீம் வாலட் கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்கு, 15. இந்த எண்ணிக்கையை மனப்பாடமாக வைத்துக்கொண்டால் டிஸ்ட்ரிபியூட்டர் போர்ட்டலில் வந்த நம்பர் அரைகுறையாக அச்சாகியிருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். வாலட் கூப்பன் பணம் மாதிரி, கணக்கில் ஏற்றிக்கொண்டு எதை வேண்டுமானாலும் வாங்கலாம். ஒரு குறிப்பிட்ட கேமுக்கான கூப்பன் அந்தக் கேமை மட்டும்தான் தரும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விற்காதீர்கள்.

இன்னொன்று, பெட்டி. கடையில் அழகான பெட்டியைப் பார்த்ததும் உள்ளே டிஸ்க் இருக்கும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கம்ப்யூட்டர் கேம் பெட்டிகள் பலவற்றில் நம்பர் அச்சடித்த ஒரு தாள் மட்டுமே இருக்கும். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலில் கேம்-கீ கார்டு என்று ஒரு வகை கார்ட்ரிட்ஜ் உண்டு, செருகினாலும் கேம் அதற்குள் இல்லை, அது ஒரு சாவி மட்டும், கேமை நெட்டில் இறக்கித்தான் ஆக வேண்டும். அந்த வகையை விற்கலாம், வேறொருவருக்குக் கொடுக்கலாம். நம்பர் உள்ள தாளுக்கு அந்த வசதி கிடையாது, ஒருவர் கணக்கில் ஏறியதும் அதோடு சரி. டிஸ்க் வாங்கி முடித்துவிட்டுப் பாதி விலைக்கு விற்கும் பழக்கம் உள்ள பையன்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அவர்கள் கணக்கே அதை வைத்துத்தான் ஓடுகிறது.

சரி, சுரண்டுவதற்கு முன் நான் கேட்கும் மூன்று கேள்விகளுக்கு வருகிறேன்.

முதல் கேள்வி: எந்த நாட்டுக் கணக்கு? நம் ஊருக்கு இதைவிட முக்கியமான கேள்வி வேறு இல்லை. வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சவுதியிலோ இருக்கிறார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபராளிகள் லீவுக்கு வரும்போது பிள்ளைகளின் பிளேஸ்டேஷனும் பெட்டியில் வருகிறது, அதில் உள்ள கணக்கு அங்கே திறந்தது. பிளேஸ்டேஷன் கூப்பன் எந்த நாட்டுக்கு அச்சடித்ததோ அந்த நாட்டுக் கணக்கில் மட்டும்தான் ஏறும். இந்தியக் கூப்பனை எமிரேட்ஸ் கணக்கில் போட்டால் ஏற்காது, அங்கிருந்து மாமா வாங்கி வந்த கார்டை இங்கே திறந்த கணக்கில் போட்டாலும் ஏற்காது. நான் விற்கத் தொடங்கிய புதிதில் ஷார்ஜாவிலிருந்து வந்த ஒரு பையனுக்கு இரண்டாயிரம் ரூபாய் கூப்பனைச் சுரண்டிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் அவன் உம்மா வந்து நின்றார்கள், நம்பர் தப்பு என்று. நம்பர் தப்பில்லை, நாடு தப்பு. ஊரில் இந்தியக் கணக்கு வைத்திருந்த இன்னொரு பையனைத் தேடிப்பிடித்து, நடந்ததைச் சொல்லி, அந்தக் கூப்பனை அவன் கணக்கில் ஏற்றிக் காசை வாங்கி ஷார்ஜா பையனின் உம்மாவிடம் கொடுப்பதற்குள் நான்கு நாள் ஆனது. அதற்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் டிராயரைத் திறப்பதே இல்லை.

எந்த நாடு என்று கேட்டால் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது, "எங்க வாப்பா ஓப்பன் பண்ணது காக்கா" என்பார்கள் (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்). அதனால் நாட்டைக் கேட்காதீர்கள், குறியைக் கேளுங்கள். ஸ்டோரைத் திறந்து ஏதாவது ஒரு கேமின் விலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ரூபாய்க் குறி இருந்தால் நம் கூப்பன் ஏறும். எமிரேட்ஸ் பிளேஸ்டேஷன் ஸ்டோர் டாலரில் காட்டும், கூகுள் பிளே திர்ஹத்தில் காட்டும், இரண்டுக்கும் நம் கூப்பன் ஆகாது. கன்சோல் வீட்டில் இருந்தால் டிவியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை.

குறி வேறாக இருந்தால் வாடிக்கையாளரை வெறுமனே அனுப்ப வேண்டியதில்லை. கூகுள் பிளேயில் நாட்டை மாற்றலாம், ஆனால் வருடத்துக்கு ஒரு தடவைதான், பழைய நாட்டில் இருந்த பேலன்ஸும் கூட வராது, அதனால் ஒரு மாத லீவுக்கு வந்தவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. பிளேஸ்டேஷன் கணக்கில் நாட்டை மாற்றவே முடியாது. அங்கே வேறு வழி இருக்கிறது: அதே கன்சோலில் இந்தியாவில் இன்னொரு கணக்கு திறந்து, அதில் முழுக் கேமை வாங்கி, அந்த கன்சோலில் பகிர்வை இயக்கி வைத்துவிட்டால் பழைய கணக்கிலிருந்தும் அந்தக் கேமை ஆடலாம். முழுக் கேமுக்கு மட்டும்தான் இது நன்றாக நடக்கும். கேமுக்கு உள்ளே வாங்கும் காசு, கூடுதல் பாகம் எல்லாம் எந்தக் கணக்கில் எந்த நாட்டில் வாங்கினோம் என்பதைப் பார்க்கும், அதில் தலையிட்டு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: எதில் ஆடப் போகிறாய், நெட் இருக்கிறதா? வாலிநோக்கத்திலிருந்து ஒரு தம்பி பைக்கில் வந்து ஒரு பெரிய கேமின் கூப்பன் கேட்டான். நெட் என்ன என்று கேட்டால் ஃபோன் ஹாட்ஸ்பாட், ஒரு நாளைக்கு 2 ஜிபி. இன்றைக்குப் பெரிய கேம்கள் பல 100 ஜிபிக்கு மேல் போகின்றன. ஃபோனில் வேறு எதுவும் பார்க்காமல் தினமும் முழு டேட்டாவையும் இதற்கே கொடுத்தாலும் 50 நாள். அவனுக்கு டிஸ்க் டிரைவ் உள்ள மாடல் இருந்தது, பழைய டிஸ்க் ஒன்று தேடிப் பிடித்துக் கொடுத்தேன், அதற்கும் அப்டேட் இறங்கும் என்றாலும் அளவு தாங்கும். கூப்பன்தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு நான் இன்னொன்று செய்கிறேன்: கன்சோலைக் கடைக்குக் கொண்டு வரச் சொல்லி என் ஃபைபர் லைனில் இறக்கிக் கொடுக்கிறேன். 100 எம்பிபிஎஸ் லைனில் 100 ஜிபி இறங்க எப்படியும் இரண்டரை மூன்று மணி நேரம் ஆகும், இரவில் கடை அடைக்கும்போது போட்டுவிட்டுப் போனால் காலையில் தயாராக இருக்கும். இதற்கு ஐம்பது ரூபாய் வாங்குகிறேன். பாருங்கள், ஆயிரம் ரூபாய் கூப்பனைவிட இதில்தான் காசு நிற்கிறது. கடலோரக் கிராமங்களில் கடை வைத்திருப்பவர்கள் கூப்பனுக்கு முன்னால் ஒரு நல்ல ஃபைபர் லைனைப் பற்றி யோசியுங்கள்.

டிஸ்க் டிரைவ் இல்லாத பிளேஸ்டேஷன் 5 என்றால், டிரைவைத் தனியாக வாங்கி மாட்டாத வரை டிஸ்க் போட முடியாது, கேமை நெட்டில் இறக்கித்தான் ஆக வேண்டும். கன்சோல் வாங்கும் முன்பே வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

மூன்றாவது கேள்வி: யாருடைய காசு? இதைக் கேட்கத் தயங்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளை ஐந்நூறு ரூபாய் நோட்டோடு தனியாக வந்தால் நான் வீட்டுக்குப் போன் போடுவேன். பெருநாள் அன்று மட்டும் இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்துவேன், பெருநாள் காசு பிள்ளைகளின் சொந்தக் காசு, காலைத் தொழுகை முடிந்து புதுச்சட்டையோடு வரிசையில் நிற்பார்கள், அப்போதும் ஐந்நூறுக்கு மேல் கிடையாது. மற்ற நாட்களில் "உம்மாவுக்குப் போன் போடு, நான் பேசுகிறேன்" என்றால் பாதிப் பேர் போட்டுவிடுவார்கள், மீதிப் பேர் "அப்புறம் வர்றேன் காக்கா" என்று போய்விடுவார்கள். போனவர்களைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. வாப்பா பாலைவனத்தில் வெயிலில் நின்று அனுப்பும் காசு அது, பத்து ரூபாய் கமிஷனுக்காக அதை நான் வாங்கக் கூடாது.

காசு என்றதும் மீன்பிடித் தடைக்காலத்தையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். பள்ளி விடுமுறையும் அதே சமயம்தான். பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குப் புரியும், பிள்ளைகள் கையில் நேரம் நிறைய, வீட்டில் பணம் இல்லை. அந்த இரண்டு மாதம் பெரிய தொகைக் கூப்பனை வாங்கி அடுக்காதீர்கள். சின்னத் தொகை வையுங்கள், கடன் மட்டும் கொடுக்காதீர்கள். மளிகைக் கடன் வேறு, கேம் கடன் வேறு. பிள்ளை கணக்கில் எழுதிவிட்டுப் போய், ஜூன் மாதம் படகு இறங்கியதும் அப்பாவிடம் போய் நிற்பது நமக்கும் அழகில்லை அவருக்கும் அழகில்லை.

இனி சரக்கு எங்கே வாங்குவது. ரீசார்ஜ் டிஸ்ட்ரிபியூட்டர் ஆப்களிலேயே இப்போது கேம் கூப்பன் வருகிறது, முன்பணம் போட்டு வைத்தால் தேவைப்படும்போது நம்பர் எடுத்துக் கொடுக்கலாம், சரக்கு முடங்காது. சின்னக் கடைக்கு இதுவே போதும். அட்டையாக வாங்கினால் அது எந்த வகை என்று கேளுங்கள். கல்லாவில் ஸ்கேன் செய்த பிறகுதான் உயிர் வரும் அட்டை ஒன்று, அதைத் தாராளமாகத் தொங்கவிடலாம், திருடிக்கொண்டு போனாலும் வெறும் அட்டை. அச்சடிக்கும்போதே உயிரோடு வருவது இன்னொன்று, அது ரொக்கப் பணம், பூட்டு டிராயரில்தான் இருக்க வேண்டும். நான் வெளியே தொங்கவிடுவது விற்றுத் தீர்ந்த காலி அட்டைகளை.

டெலிகிராமில் பாதி விலைக்குக் கேம் கீ, அதாவது கேமுக்கான நம்பர், தருகிறேன் என்று வருகிறவர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள். ஒரு தடவை நான் ஏமாந்திருக்கிறேன். ஒருவரிடம் பதினைந்து கீ வாங்கி விற்றேன், எல்லாம் ஏறியது, எல்லோரும் ஆடினார்கள். ஐந்து வாரம் கழித்து அதில் ஆறு பேரின் லைப்ரரியிலிருந்து கேம் காணாமல் போனது. திருட்டு கிரெடிட் கார்டில் வாங்கிய கீ என்று தெரிந்தால் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும், நடுவில் உள்ள நம் கடை பெயர்தான் கெடும். ஆறு பேருக்கும் என் கைக்காசைக் கொடுத்தேன். பில் தராத இடத்தில் அன்றோடு வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

குறிப்பிட்ட கேமின் கூப்பனை மொத்தமாக வாங்கி வைப்பதும் ஆபத்து. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடை ஆனது. பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 2022 ஜூலை கடைசியில் ஸ்டோரிலிருந்து போய் 2023 மே மாதம்தான் திரும்பியது, பத்து மாதம். கூகுள் பிளே மாதிரிப் பொதுவான கூப்பன் வைத்திருந்தவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை, ஒரு கேம் போனால் பிள்ளைகள் இன்னொன்றுக்குப் போனார்கள். அப்புறம், ரம்மி, போக்கர் என்று காசு கட்டி ஆடும் எதற்கும் உங்கள் கடையில் பணம் ஏற்றிக் கொடுக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் காசு வைத்து ஆடும் ஆட்டங்களையும் அதற்கான பணப் பரிமாற்றத்தையும் தடை செய்கிறது, தண்டனை மூன்று வருடம் வரை. சட்டம் வருவதற்கு முன்பும் நான் அதைத் தொட்டதில்லை.

பணம் வாங்கும் முறை. யுபிஐ என்றால் சவுண்ட் பாக்ஸ் வாய் திறந்து தொகையைச் சொன்ன பிறகுதான் கையில் நாணயத்தை எடுத்து அட்டையைச் சுரண்ட வேண்டும். ஃபோனை நீட்டி 'சக்சஸ்' என்று காட்டினால் நம்பாதீர்கள், போலித் திரை காட்டும் ஆப்கள் இருக்கின்றன. நெட் இல்லை, பாக்ஸ் பேசவில்லை என்றால் வங்கி ஆப்பைத் திறந்து பாருங்கள், இல்லையென்றால் ரொக்கம். தெரியாத ஆளுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பன் விற்கவே வேண்டாம். பரமக்குடியில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வெளி மாநில நம்பருக்கு எட்டாயிரம் ரூபாய்க்குக் கூப்பன் அனுப்பினார், பணம் சரியாக வந்தது. இரண்டு வாரத்தில் அவர் கணக்கு முடக்கம். வந்த பணம் எங்கோ யாரிடமோ ஏமாற்றி எடுத்த பணம், கூப்பனாக மாற்றிக்கொண்டு அவன் போய்விட்டான், இவர் கணக்கைத் திறக்கச் சொல்லி அலைந்தார்.

இதையே மறுபக்கமாகவும் பாருங்கள். வயதான ஒருவர் காதில் ஃபோனை வைத்தபடியே, வெளியே நிற்கும் ஆட்டோவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, பத்தாயிரத்துக்குக் கூகுள் கூப்பன் கேட்டால் உடனே கொடுக்காதீர்கள். எனக்கு அப்படி ஒருவர் வந்தார். எந்தக் கேம் ஐயா என்று கேட்டேன், அவருக்கு அது கேம் கூப்பன் என்பதே தெரியாது. ஒரு தாளில் "போனை வையுங்கள், இது ஏமாற்று" என்று எழுதிக் காட்டினேன். கை நடுங்கிக்கொண்டே வைத்தார். போலீஸ் என்று சொல்லி இரண்டு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்களாம். எந்தப் போலீசும் எந்த வங்கியும் கூப்பன் நம்பரில் பணம் கேட்காது. அப்படிப் பணத்தை இழந்தவர் வந்தால் 1930-க்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள், முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். அந்த எண்ணைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

சுரண்டுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. சாவியால், பிளேடால் கீறாதீர்கள். நம்பர் கிழிந்துவிட்டால் அது B-யா 8-ஆ என்று தெரியாமல் தவிக்க வேண்டும், நான் தவித்திருக்கிறேன். ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்கையாக வைத்து இடமிருந்து வலமாக மெதுவாகத் தேய்த்து, வரும் தூளைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். சுரண்டும் முன் அட்டையின் இரண்டு பக்கத்தையும் வாடிக்கையாளர் ஃபோனிலேயே ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள், பின்பக்கம் சீரியல் நம்பர் இருக்கும். எழுத்து சிதைந்தால் கம்பெனி உதவி மையம் கேட்பது அந்த சீரியல் நம்பரும் பில்லும்தான். நம்பரைக் கையால் எழுதிக் கொடுக்கும் வேலையே வேண்டாம். முடிந்தவரை என் முன்னாலேயே கணக்கில் ஏற்றச் சொல்வேன், பாஸ்வேர்டை நான் கேட்பதும் இல்லை, அவர்கள் சொல்ல வந்தாலும் காது கொடுப்பதில்லை.

மழைக்காலத்தில், குறிப்பாக ஐப்பசி கார்த்திகையில், கரண்டும் நெட்டும் சேர்ந்து போகும். போர்ட்டலில் நம்பர் எடுக்கும்போது பாதியில் நின்றால் மறுபடி அழுத்தாதீர்கள், இரண்டு தடவை பணம் போகும். முதலில் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து, 'பெண்டிங்' என்று இருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வாடிக்கையாளரை உட்காரச் சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பெரும்பாலும் டீ முடிவதற்குள் நம்பர் வந்துவிடும்.

கணக்கு எழுதும்போது கூப்பனின் முழு விலையையும் வருமானமாக எழுதாதீர்கள். கமிஷனுக்கு விற்கும் ஏஜெண்ட் என்றால் ஜிஎஸ்டி அந்தக் கமிஷனுக்குத்தான், 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் வவுச்சர், அதாவது இந்த மாதிரிக் கூப்பன், பற்றித் தெளிவுபடுத்தினார்கள். உங்கள் ஒப்பந்தம் எப்படி என்று ஆடிட்டரிடம் தாளைக் காட்டிக் கேளுங்கள்.

கடைசியாக ரசீது. பில் மெஷினில் வரும் தெர்மல் தாளில் நம்பரை அடித்துக் கொடுத்தால், நம் ஊர் வெயிலில் சட்டைப்பையில் வைத்து வியர்வை பட்டு, பத்து நாளில் எழுத்து மங்கிவிடும். நான் சாதாரண ஏ4 தாளைக் கால்வாசியாக வெட்டி ஜெராக்ஸ் மெஷினிலேயே அடித்துக் கொடுக்கிறேன். அதில் தேதி, தொகை, சீரியல் நம்பர், 'இந்தியக் கணக்குக்கு மட்டும்' என்ற வரி, கீழே வாங்கியவர் கையெழுத்து. ஒரு பிரதி அவருக்கு, இன்னொன்று என் ஃபைலுக்கு.